மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மை நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனியில், தைத்து வந்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் பிரிவில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. சித்திரைக் கனி முடிந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி, நான் எப்படி வாழ்கிறேன் என்று உட்கார்ந்து பார்ப்பது ஒன்பது வருடப் பழக்கம். கூட வேலை செய்கிற பிள்ளைகள், சொந்தபந்தம் என்று இருபது பேருக்கு மேல் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேர் முதல் நாளே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறினார்கள். நடந்ததைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒருத்தர் முதல் வரியிலேயே "நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்" என்று எழுதினார், இன்னொருத்தர் "நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதே இல்லை" என்று எழுதினார். இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரிந்தாலும் இரண்டுமே தீர்ப்புதான், தீர்ப்பு வந்த பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது, நோட்டை மூடிவிட்டார்கள்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் நடந்ததை எழுதுவது, அப்புறம் குறி வைப்பது, அப்புறம் கேள்வி. முடிவு கடைசியில்.

1. உட்காருவதற்கு முன்னால்

80 பக்கக் கோடு போட்ட நோட்டு, பேனா. செல்போனில் எழுத வேண்டாம், நாலு வரி எழுதுவதற்குள் ஏதாவது மெசேஜ் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் போன் பக்கத்தில் இருக்கட்டும், அதில் இருக்கிற கால் லிஸ்ட், ஜிபே கணக்கு, போட்டோக்கள் மூன்றும் தேவை. பாஸ்புக், மகளிர் குழு தவணை அட்டை, மொய் நோட்டு, சுவரில் தொங்குகிற மாதக் காலண்டர், இவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ பேசும். இந்தக் காகிதங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நேரம், ஒரு ஞாயிறுக்கு இரண்டு மணி. காலை பலகாரம் சாப்பிட்ட பிறகு உட்காருவது நல்லது. ராத்திரி வேண்டவே வேண்டாம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்போடு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் வாழ்க்கையில் எல்லாமே கெட்டுப்போன மாதிரித்தான் தெரியும், அது களைப்பு பேசுவது.

இடம், நாலு பேர் வந்து போகிற ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், சரிப்படாது. நான் காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் போய் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொள்வேன். அந்த வசதி இல்லாதவர்கள் கோயில் மண்டபமோ நூலகமோ பாருங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது யோசித்துக்கொள்கிறேன் என்று ஒரு தம்பி சொன்னான். நடக்கும்போது ரோசனை நன்றாகத்தான் ஓடும், ஆனால் கையில் நோட்டு இல்லாததால் ஊர் திரும்பும்போது பாதி மறந்திருக்கும்.

வீட்டில் பெரிய சண்டை நடந்த வாரம், துக்கம் நடந்த மாதம், நோம்பி (பண்டிகை) வாரம், இதிலெல்லாம் தொடங்காதீர்கள். அந்த ஒரு விஷயமே எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிடும்.

2. முதல் ஞாயிறு: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

மூன்று தலைப்புப் போதும்: நேரம், பணம், பேச்சு. கடந்த முப்பது நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதையும் எடுத்தால் கல்யாணம், ஆஸ்பத்திரி, வீடு மாறினது என்று பெரிய சம்பவங்கள்தான் ஞாபகம் வரும். அன்றாடம் எப்படிப் போகிறது என்பது தப்பிவிடும்.

நேரத்துக்கு, ஒரு வேலை நாளையும் ஒரு லீவு நாளையும் எடுத்து, எழுந்ததிலிருந்து படுத்தது வரை அரை மணி அரை மணியாக எழுதுங்கள். பணத்துக்கு, ஜிபே கணக்கைத் திறந்து எங்கே போனது என்று ஏழெட்டு வகையாகக் கூட்டுங்கள். பேச்சுக்கு, கால் லிஸ்ட்டைப் பார்த்து யாரிடம் எத்தனை தடவை, எத்தனை நிமிடம்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. குணத்தைச் சொல்கிற வார்த்தை எதுவும் நோட்டில் வரக்கூடாது. "ராத்திரி சோம்பேறித்தனமா இருந்தேன்" என்று எழுதாதீர்கள், "9.40-லிருந்து 11.30 வரை ரீல்ஸ்" என்று எழுதுங்கள். சோம்பேறி என்று எழுதினதும் மனசு அதற்கு வக்காலத்து வாங்கக் கிளம்பிவிடும். 9.40 என்று எழுதினால் அதில் வாதாட ஒன்றுமில்லை.

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவிடம் தினமும் பேசுகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. கால் லிஸ்ட்டைப் பார்த்து எழுதினபோது முப்பது நாளில் நாலு தடவை, மொத்தம் 11 நிமிடம் என்று வந்தது. அந்த நாலில் இரண்டு, அம்மா கூப்பிட்டது. ஒன்று 48 வினாடி. செக்கிங் டேபிள் டியூப்லைட்டுக்குக் கீழே, இடது கையில் ஒரு குழந்தை டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி, "அப்புறம் கூப்படறேனுங்ம்மா" என்று நான் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. அப்புறம் நான் கூப்பிடவில்லை என்பதையும் அதே லிஸ்ட் காட்டியது.

வெறும் யோசனையில் உட்கார்ந்திருந்தால் இது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

முதல் ஞாயிறு இதோடு முடிந்தது. மேலே ஒன்றும் செய்யாமல் நோட்டை மூடி வையுங்கள்.

3. இரண்டாம் ஞாயிறு: குறி வையுங்கள், சரிசெய்யக் கூடாது

ஒரு வாரம் இடைவெளி விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதின அன்றே பார்த்தால் எழுதினவர் கண்ணோடுதான் பார்ப்போம். ஏழு நாள் கழித்துப் பார்த்தால் வேறு யாரோ எழுதினது மாதிரிப் படிக்க வரும்.

எங்கள் டேபிளில் பீஸை விரித்துக் கழுத்து, தோள், கை, பாட்டம், அப்புறம் உள்பக்கம் திருப்பி ஓரத் தையல் என்று வரிசையாகப் பார்ப்போம். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைப்போம், அவ்வளவுதான். செக்கர் கையில் ஊசி கிடையாது, ஆல்ட்டர், அதாவது குறையைச் சரிசெய்வது, வேறு ஆள், வேறு நேரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கறையைப் பார்த்ததும் நகத்தால் சுரண்டுவார்கள். கறை இன்னும் பரவும், பார்க்காத பீஸ் பக்கத்தில் மலையாகச் சேர்ந்துவிடும். நம்மைப் பார்க்கும்போதும் இதே தப்பைத்தான் செய்கிறோம். "11 நிமிடம்" என்று படித்ததும் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டால் உறுத்தல் தணிந்துவிடும், மீதிப் பக்கங்களைப் பார்க்கவே மாட்டோம்.

மூன்று குறி வைத்துக்கொள்ளுங்கள். உறுத்துகிற இடத்தில் அம்பு. படிக்கும்போது மனசு நிறைகிற இடத்தில் வட்டம். நாம் நினைத்திருந்ததும் நோட்டில் இருப்பதும் ஒத்துப்போகாத இடத்தில் கேள்விக்குறி.

வட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோதனை என்றாலே குற்றம் கண்டுபிடிப்பது என்ற நினைப்புதான் காரணம். நிட்டிங்கில் வேலை செய்கிற தம்பி ஒருவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேக்கரியில் கூட்டாளிகளோடு டீ குடித்துக்கொண்டு நிற்பதை வீண் நேரம் என்று அம்பு போட்டு நிறுத்திவிட்டான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முகமே வாடிப்போயிருந்தது. அவனுடைய நாளில் சிரித்துப் பேசின ஒரே நேரம் அதுதான், அதை வட்டமிட்டு வைத்திருக்க வேண்டியது. எது நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் எதையும் வெட்டக் கூடாது.

4. அதே நாள்: "ஏன்" என்று கேட்காமல் "எப்போது" என்று கேளுங்கள்

அம்பும் கேள்விக்குறியும் விழுந்த இடங்களில் மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போது நடக்கிறது, எங்கே, யார் இருக்கும்போது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, இந்த நாலையும் எழுதுங்கள்.

"ஏன்" என்ற கேள்வி ஆழமாகத் தெரியும், ஆனால் அதற்கு மனசு கதைதான் சொல்லும். எங்கள் பிரிவில் ஒரு தங்கச்சி, ஐந்து வயதுப் பையனைத் தினமும் கத்திவிடுகிறேன் என்று அம்பு போட்டிருந்தாள். ஏன் கத்துகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பா குடித்தது, படிப்பு நின்றது, மாமியார் பேச்சு, எல்லாம் இருந்தது. எல்லாம் உண்மைதான், ஆனால் எழுதி முடித்துவிட்டு "அக்கா, நான் மோசமான அம்மாங்க்கா" என்று அழுதாளே ஒழிய ஒரு வழியும் புலப்படவில்லை.

சரி, ஒரு வாரம் எப்போது கத்தினாய் என்பதை மட்டும் எழுது என்றேன். ஏழில் ஆறு தடவை காலை 7.10-க்கும் 7.40-க்கும் நடுவில். கம்பெனி வேன் 7.45-க்குத் தெருமுனைக்கு வரும். ஷூவும் டிபன் பாக்ஸும் தேடுகிற நேரம். அப்பாவின் குடியை இப்போது போய் மாற்ற முடியாது, ஷூவை ராத்திரியே வாசலில் எடுத்து வைக்கலாம்.

பழைய காயத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. அதற்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையோடு கலந்தால் இரண்டும் நடக்காது.

5. கவலைகளைப் பிரிப்பது

இந்த இடத்துக்கு வரும்போது நோட்டில் செயல்களோடு கவலைகளும் நிறையச் சேர்ந்திருக்கும். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் அமைத்த வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வுப் பயிற்சியில் கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. அவருடைய பயிற்சிகளைச் சொல்லித் தரும் மனவளக்கலை மன்றத்துக்குப் போகாதவர்களுக்கும் இந்த நாலு கட்டம் உதவும். ஒரு பக்கத்தை நாலாக மடித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தவறிப்போன அப்பாவின் இழப்பு முதல் கட்டம். ஒன்பதாவது படிக்கிற மகளின் கல்யாணச் செலவு இரண்டாவது கட்டம். மொய் குறைவாக வைத்ததாக ஒரம்பரையில் (சொந்தக்காரர்களில்) யாரோ பேசினது மூன்றாவது. ஆறு மாதமாகப் பார்க்காத சர்க்கரை அளவு நாலாவது.

புதியவர்கள் செய்யும் தப்பு, சங்கடமான வேலை எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் போட்டுவிடுவது. "என் தலையெழுத்துங்க, அனுபவிச்சுத்தான் ஆகணும்" என்று பல்வலியை அங்கே எழுதின ஆளைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் கட்டத்தில் எழுதின ஒவ்வொன்றையும் பார்த்து, இதற்காக இந்த வாரம் ஒரு போன் செய்தாலோ ஒரு ஆளைப் பார்த்தாலோ கொஞ்சமாவது மாறுமா என்று கேளுங்கள். மாறும் என்றால் அது நாலாவது கட்டத்துக்குப் போக வேண்டியது.

6. வாரத்துக்கு நடுவில்: ஒரே ஒரு ஆளிடம் கேளுங்கள்

முதுகை நாமே பார்க்க முடியாது, அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். ஒரே ஆள் போதும். உங்களை நேரில் பார்க்கிறவராக, உங்களிடம் கடன் வாங்காதவராக, உங்களுக்குக் கீழே வேலை செய்யாதவராக இருக்கட்டும். கணவனோ மனைவியோ முதல் வருடம் வேண்டாம், பழைய கணக்கெல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

"நான் எப்படிப்பட்ட ஆளுங்க?" என்று கேட்டால் "உங்களுக்கென்னங்க, தங்கமான மனசு" என்றுதான் பதில் வரும். நம் ஊர் மரியாதை அப்படி. இப்படிக் கேளுங்கள்: "போன மூணு மாசத்துல என் பேச்சோ நடத்தையோ உங்களுக்குச் சிரமமா இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்க." ஒரு நேரம், ஒரு சம்பவம், அவ்வளவு கேட்டால்தான் சொல்ல வாய் வரும்.

பதிலுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது "சரிங்க", வேறு ஒன்றும் வேண்டாம். "அது எதனாலன்னா" என்று தொடங்கினீர்களோ, அந்த ஆள் இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்.

நான் அண்ணன் மனைவியிடம் கேட்டேன், நங்கை என்றுதான் கூப்பிடுவேன். ரொம்ப நேரம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மணி, நீ ஊருக்கு வந்தீன்னா சமையக்கட்டுல நின்னுட்டு ஒவ்வொண்ணையும் உங்க டேபிள்ல போட்டுப் பாக்கற மாதிரியே பாப்ப. எனக்கு அன்னைக்குப் பூராக் கை ஓடாது" என்று சொன்னது. நான் ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை என்றுதான் அதுவரை பெருமையாக நினைத்திருந்தேன், பார்வையே போதுமாக இருந்திருக்கிறது. என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இது வந்திருக்க வழியில்லை. கால் லிஸ்ட்டிலும் வராது.

7. மூன்றாம் ஞாயிறு: ஒன்றை மட்டும் எடுங்கள்

காங்கயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளை, பூ போட்டுக் கேட்டு உத்தரவு ஆனபிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் இருக்கும். மண்ணோ, நெல்லோ, தண்ணீரோ, ஊரே அதைப் பற்றித்தான் பேசும். நம் நோட்டிலும் அப்படி ஒரு பெட்டி வரைந்து அதற்குள் ஒன்றை எழுதுங்கள். பட்டியல் போடாதீர்கள். பத்து மாற்றம் எழுதினவர்கள் மூன்றாம் வாரம் ஒன்றையும் செய்யாமல் நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன், ஒன்று தவறினதும் எல்லாமே போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

எதை எடுப்பது? பெரியதை எடுக்க வேண்டாம். கேள்விக்குறி விழுந்ததில், உங்கள் கையில் மட்டும் இருப்பதை எடுங்கள். இன்னொருவர் மாறினால்தான் நடக்கும் என்றால் அது இந்தப் பெட்டிக்கு ஆகாது.

எழுதும் விதம் முக்கியம். "அம்மாவை நல்லாப் பார்த்துக்குவேன்" என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதினது: "புதன், ஞாயிறு, ராத்திரி 8.30, சாப்பிட்டு முடித்ததும், உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிடமாவது." உட்கார்ந்துகொண்டு என்பதைச் சேர்த்ததற்குக் காரணம், நின்றுகொண்டு பேசினால் வேறு வேலையும் கூடவே செய்வேன் என்று நாலாம் படியில் கண்டுபிடித்திருந்தேன். பேச என்ன இருக்கிறது என்று முதல் இரண்டு வாரம் தயக்கமாகத்தான் இருந்தது, அப்புறம் அம்மாவே எருமை சினைப்பட்டதிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டது வரை சொல்ல ஆரம்பித்துவிட்டது.

முப்பது நாள் கழித்து வரும் தேதியைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். அன்று மறுபடி எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை மட்டும்.

8. மனசு கனத்தால்

முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் பாரமாக இருக்கும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவங்களை எழுத வைத்தார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதினவர்களுக்கு எழுதின உடனே மனசு இன்னும் கனத்துத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

ஆனால் வேறொரு கனம் இருக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள், புதிதாக ஒரு வரிகூட வரவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் சரியில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், நோட்டை மூடிவிடுங்கள். அது தனியாகச் செய்கிற வேலை இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். வெசனத்துக்கு, மனக்கவலைக்கு, டாக்டரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, கழுத்து வலிக்குப் போவது மாதிரிதான்.

9. நடுவில் விட்டுப்போனால்

பெரும்பாலும் விட்டுப்போகும். அவசர ஆர்டர் வந்து ஞாயிறும் ஷிப்ட் வைத்துவிடுவார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். அப்போது புது நோட்டு வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பிப்பதிலேயே சுகம் கண்டு, மூன்று வருடத்தில் ஐந்து நோட்டின் முதல் பத்துப் பக்கம் மட்டும் எழுதியிருந்த ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

விட்ட இடத்திலிருந்தே எடுங்கள். பதிவு எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டதா, பரவாயில்லை, அதே பதிவில் குறி வையுங்கள். இடைவெளி கூடினால் கண் இன்னும் தெளிவாகத்தான் பார்க்கும். குறி வைத்தது எதற்கென்று மறந்துபோயிருந்தால் மட்டும், கடைசி ஒரு வாரத்துக்குக் கால் லிஸ்ட்டையும் ஜிபேயையும் பார்த்து ஒரு பக்கம் புதிதாக எழுதி, பழைய பக்கத்துக்கு எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நோட்டை யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள். நான் துணி அலமாரியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சேலையை எடுப்பேன்.